காட்டுப் பொனோபோக்களைக் கவனிக்கப் போகிறீர்களா? களஆய்வுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொனோபோ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே சித்திரம்தான்: பெண்கள் ஆளும் கூட்டம், சண்டையே கிடையாது, எந்தப் பிணக்கு வந்தாலும் உடலுறவால் தீர்த்துக்கொள்ளும் சாதுவான மனிதக்குரங்கு. இதில் உண்மையும் உண்டு, ஊதிப் பெருக்கியதும் உண்டு. எது எவ்வளவு என்று காட்டுக்குள் உட்கார்ந்து எண்ணியவர்களால்தான் சொல்ல முடிந்தது.

2024-இல் மோட் முஜினோ, மார்ட்டின் சுர்பெக் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். காங்கோவின் கொகோலொபோரியில் 12 ஆண் பொனோபோக்கள், தான்சானியாவின் கோம்பேயில் 14 ஆண் சிம்பன்சிகள். இரண்டு இடத்திலும் ஒரே முறையில், ஒவ்வோர் ஆணாகப் பின்தொடர்ந்து குறித்த விவரங்களை ஒப்பிட்டார்கள். பொனோபோ ஆண்கள் சிம்பன்சி ஆண்களைவிட 2.8 மடங்கு அதிகமாக வம்புக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. சிம்பன்சி ஆண்கள் கூட்டுச் சேர்ந்து தாக்குவது அதிகம். பொனோபோ ஆண்கள் கிட்டத்தட்ட எப்போதும் ஒற்றைக்கு ஒற்றையாகவே மோதுகிறார்கள். 'சாது' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இந்த இரண்டு விவரமும் கிடைத்திருக்காது.

இந்த வேலைக்கு வர நினைக்கும் மாணவர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான். கேள்விப்பட்டதையெல்லாம் முகாம் வாசலிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். யார், யாரை, எப்போது, என்ன செய்தது என்று சலிக்காமல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

எந்த இடம் என்று முடிவு செய்யுங்கள்

காட்டுப் பொனோபோ உலகத்தில் ஒரே ஒரு நாட்டில்தான் இருக்கிறது: காங்கோ ஜனநாயகக் குடியரசு. அதிலும் காங்கோ ஆற்றுக்குத் தெற்கே மட்டும். ஆற்றின் வடகரையில் இருப்பவை சிம்பன்சிகள். இரண்டுக்கும் நீந்தத் தெரியாது. அந்தப் பெரிய ஆறுதான் இடையில் வேலி.

களஆய்வு தொடங்கியது 1970-களில். ஜப்பானின் தகாயோஷி கானோ 1973-இல் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் தேடி, கடைசியில் வம்பா என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார். 1974 முதல் அங்கே ஆய்வு நடக்கிறது. உள்நாட்டுப் போரால் 1996-க்குப் பிறகு சில ஆண்டுகள் நின்றுபோய் மறுபடி தொடங்கியது. தகேஷி ஃபுருயிச்சியும் அவருக்குப் பின் வந்தவர்களும் அதைத் தொடர்ந்து நடத்தினார்கள். அதே 1974-இல் அலிசன், நோயல் பாட்ரியன் தம்பதி லொமாகோ காட்டில் ஆய்வு தொடங்கினார்கள். சலோங்கா தேசியப் பூங்காவின் ஓரத்தில் இருக்கும் லூயிகொட்டாலே முகாம் 2002-இல் பார்பரா ஃப்ரூத்தும் காட்ஃபிரீட் ஹோமனும் அமைத்தது. வம்பாவுக்குப் பக்கத்துக் காடான கொகோலொபோரியில் சுர்பெக் குழுவினர் 2016 முதல் இயங்குகிறார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டிய பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வம்பாவில் ஆரம்பக் காலத்தில் பொனோபோக்களைப் பழக்கக் கரும்பு போட்டார்கள். விலங்குகள் வெட்டவெளிக்கு வந்து கூடின. பார்க்கவும் அடையாளம் காணவும் வசதியாக இருந்தது. ஆனால் ஓரிடத்தில் கொட்டிய உணவு கூட்டத்தின் அளவை மாற்றும், போட்டியை மாற்றும், அதனால் சமாதானப் பழக்கங்களின் எண்ணிக்கையையும் மாற்றும். 1996-க்குப் பிறகு அங்கே கரும்பு போடுவதில்லை. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது ஒவ்வொன்றிலும் "இது கரும்புக் காலமா, காட்டுணவுக் காலமா" என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

புதியவர்கள் பெரும்பாலும் கள உதவியாளராகவே சேர்கிறார்கள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. ஒப்புக்கொள்வதற்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: விமானச் செலவு யாருடையது, நீங்கள் சேகரிக்கும் தகவலில் எதை உங்கள் ஆய்வேட்டுக்குப் பயன்படுத்தலாம், காட்டுக்குள் உடம்புக்கு முடியாமல் போனால் எப்படி வெளியே கொண்டுவருவார்கள், காப்பீடு எதுவரை ஈடுகட்டும். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு முகாம் பாருங்கள்.

ஊரில் இருக்கும்போதே பழகுங்கள்

காங்கோ போய்த்தான் கவனிக்கக் கற்க வேண்டும் என்றில்லை. நம் கோயில் மலைகளிலும் சாலையோரங்களிலும் இருக்கும் நாட்டுக்குரங்குக் கூட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் காலையில் உட்காருங்கள். யாரையும் சீண்டாமல், தீனி போடாமல், வெறும் நோட்டும் பென்சிலுமாக. பத்து குரங்கை முகம் பார்த்துப் பிரித்தறிய முடிகிறதா, பத்து நிமிடம் ஒரே குரங்கின் மேல் கண்ணை வைத்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். பக்தர்கள் பொரியும் வாழைப்பழமும் போடும் நேரத்தில் சண்டை எப்படிக் கூடுகிறது என்று எண்ணினால், வம்பாவின் கரும்பு விவகாரம் பாடப்புத்தகம் இல்லாமலே புரிந்துவிடும். காப்புக்காட்டுக்குள் போக வேண்டுமானால் வனத்துறை அனுமதி கட்டாயம்.

பிரெஞ்சு பேசக் கற்றுக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதங்கள், அலுவலகங்கள், விமான நிலையம் எல்லாம் பிரெஞ்சில்தான் நடக்கும். காட்டுக்குள் உங்களோடு வரப்போகும் தடம் பார்ப்பவர்களிடம் பேச லிங்காலா மொழி வேண்டும். இலக்கணம் பிறகு வரட்டும். "நில்", "வலது", "பாம்பு", "மேலே", "எத்தனை" என்று ஐம்பது சொல் தெரிந்தாலே முதல் மாதம் ஓடிவிடும்.

அனுமதியைப் பெரும்பாலும் முகாம் நடத்தும் நிறுவனம் வாங்கிக் கொடுக்கும். ஆனால் யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பூங்கா, காப்பகங்களுக்கு ஐசிசிஎன் எனப்படும் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம், ஆய்வுக்கு அறிவியல் ஆராய்ச்சி அமைச்சகம், இவை போக ஊர்த் தலைவர்களின் சம்மதம். கடைசியில் சொன்னதைச் சடங்கு என்று நினைக்காதீர்கள். காடு அவர்களுடையது.

நோயைச் சுமந்துகொண்டு போகாதீர்கள்

இதைத் தனித் தலைப்பாகப் போடக் காரணம் உண்டு. நமக்குச் சளி என்றால் அவற்றுக்குச் சாவு. ஐவரி கோஸ்டில் 'தாய்' (Taï) என்ற பெயருள்ள காட்டில் ஆய்வாளர்களுக்குப் பழகிய சிம்பன்சிகள் மூச்சுநோயால் இறந்தபோது, உடல்களில் இருந்தவை மனிதர்களிடையே சுற்றும் சாதாரண வைரஸ்கள் என்று 2008-இல் உறுதிசெய்தார்கள். பொனோபோ நமக்கு அதே அளவு நெருங்கிய உறவு.

அதனால் கிளம்பும் முன் தட்டம்மை, மஞ்சள்காமாலை, டெட்டனஸ், போலியோ தடுப்பூசிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இது மிக முக்கியம். மஞ்சள்காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் காங்கோவுக்குள் நுழையவே முடியாது. தமிழ்நாட்டில் அதைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே தொடங்குங்கள்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் சில நாள் விலங்குகள் பக்கமே போகாமல் தனித்திருக்கச் சொல்வார்கள். வெறும் தும்மலாக இருந்தாலும் சொல்லிவிட்டு முகாமிலேயே இருங்கள். காட்டில் முகக்கவசம் உண்டு. இடைவெளி முன்பெல்லாம் 7 மீட்டர் என்று இருந்தது. கோவிட் வந்தபின் ஐயுசிஎன் எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர்கள் 10 மீட்டர் என்று சொன்னார்கள். ஒரு குட்டி ஆர்வத்தில் உங்களை நோக்கி வந்தால் ரசித்துக்கொண்டு நிற்காமல் பின்னால் நகருங்கள். காட்டில் துப்பக் கூடாது, சாப்பாட்டு மிச்சத்தைப் போடக் கூடாது, மலம் கழிக்க நேர்ந்தால் ஆழக் குழி தோண்டி மூட வேண்டும்.

முகங்களைப் படியுங்கள்

யார் யார் என்று தெரியாதவரை நீங்கள் எழுதும் எதற்கும் பொருள் கிடையாது. "ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குப் பேன் பார்த்தது" என்ற குறிப்பை வைத்துக்கொண்டு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. எந்தப் பெண், எந்தப் பெண்ணுக்கு?

பொனோபோவின் முகம் பிறந்ததிலிருந்தே கறுப்பு, உதடு இளஞ்சிவப்பு, தலைமுடி நடுவகிடு எடுத்ததுபோல் இரண்டு பக்கமும் படிந்திருக்கும். ஆரம்பத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும். காதிலிருந்து தொடங்குங்கள்: கிழிசல், மடிப்பு, இரண்டு காதும் ஒரே அளவா. அடுத்து விரல்கள். மற்ற விலங்குகளுக்கு வைக்கும் கண்ணியில் மாட்டி விரலையோ கையையோ இழந்த பொனோபோக்கள் வம்பா பகுதியில் பல உண்டு. வருத்தமான அடையாளம்தான், ஆனால் தவறாத அடையாளம். பிறகு நெற்றி முடி, உதட்டுத் தழும்பு, நடை. பெண்களின் பிறப்புறுப்பு வீக்கம் பளிச்சென்று கண்ணில் படும் என்பதால் புதியவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். அதன் அளவு சுழற்சிக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும், நம்ப வேண்டாம். குட்டிகளை முதலில் தாயை வைத்துத்தான் அறிய முடியும்.

புகைப்படம் பார்த்து மனப்பாடம் செய்வதைவிடக் கையால் வரைவது பயன் தரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை போட்டு, முகத்தை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கிறுக்கலாகவாவது வரையுங்கள். வரையும்போதுதான் எதைப் பார்க்கத் தவறினோம் என்று தெரியும். பிறகு மூத்தவர் ஒருவரோடு நின்று, தனித்தனியாகப் பெயரை எழுதி ஒப்பிடுங்கள். தரையில் நடக்கும்போது மட்டும் சரியாகச் சொன்னால் போதாது. இருபது மீட்டர் உயரத்தில், வெளிச்சத்துக்கு எதிராக, முதுகு மட்டும் தெரியும்போதும் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு பெயர் ஒரு வருடத்துக்குப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாத பிழையாக உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் எப்படிப் போகும்

பொனோபோ ஒவ்வொரு மாலையும் புதுக் கூடு கட்டிப் படுக்கும். முந்தின நாள் கூட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தால் மறுநாள் காலை நான்கு மணிக்கு முன்பே எழுந்து, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, தடம் பார்ப்பவரோடு இருட்டில் நடந்து, அவை கண் விழிக்குமுன் கூட்டுக்கடியில் போய் நிற்க வேண்டும். தாமதமானால் அன்றைய நாள் போயிற்று. சத்தமில்லாமல் இறங்கித் தரைவழியாகப் போய்விட்டால் மறுபடி கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகலாம்.

அதன்பின் மாலை வரை பின்தொடர்தல். சதுப்பு வரும், இடுப்பளவு நீர் வரும், ஓட முடியாத அளவுக்கு அடர்ந்த செடிக்காடு வரும். வியர்வை உறிஞ்ச வரும் குட்டித் தேனீக்கள் கண்ணை மொய்க்கும். வரிசையாகப் போகும் படையெறும்பு மேல் காலை வைத்துவிட்டால் பிறகு நோட்டு, பேனா எதுவும் நினைவில் இருக்காது. நல்ல கம்பூட், நீண்ட கை சட்டை, தண்ணீர் புகாத பை, மழையில் நனைந்தாலும் எழுதும் பென்சில் ஆகியவை தொலைநோக்கியைவிட முக்கியம். தொலைநோக்கியில் 8 மடங்கு பெருக்கம் போதும். இருட்டான காட்டில் வெளிச்சம் அதிகம் வாங்கும் பெரிய லென்ஸ்தான் வேண்டும்.

மாலை ஐந்தரை மணிவாக்கில் மேலே கிளை முறியும் சத்தம் கேட்கத் தொடங்கும். கவட்டையான இடத்தில் உட்கார்ந்து, சுற்றியுள்ள கிளைகளைத் தன்பக்கம் வளைத்து, காலால் மிதித்து, சிறு இலைக்கொத்துகளை மேலே போட்டு, சில நிமிடங்களில் படுக்கையை முடித்துவிடும். தாயும் குட்டியும் ஒரே கூட்டில். எந்தக் கூட்டில் யார் என்று அப்போதே குறித்துக்கொண்டு, ஜிபிஎஸ்ஸில் இடத்தைப் பதிந்துவிட்டு வாருங்கள். காலையில் சிறுநீர் மாதிரி எடுக்கும்போது இந்தக் குறிப்பு இல்லாமல் கை ஓடாது.

எதை, எப்படி எழுதுவது

இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஜீன் ஆல்ட்மன் 1974-இல் நடத்தை மாதிரியெடுப்பு முறைகள் பற்றி எழுதிய கட்டுரையை முதலில் படியுங்கள். அரை நூற்றாண்டு ஆகியும் களத்தில் அதுதான் அடிப்படை. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினால் என்ன நடக்கும் என்பதை அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: சத்தமும் ஆர்ப்பாட்டமுமாக நடப்பது நோட்டில் நிறையும், அமைதியாக நடப்பது விடுபடும். பொனோபோ ஆய்வில் இது இரட்டிப்பு ஆபத்து. உடலுறவும் சண்டையும் தூரத்திலேயே கண்ணை இழுக்கும். ஒருத்தி ஓரமாக உட்கார்ந்து யாரோடும் சேராமல் இரண்டு மணி நேரம் இருந்ததை யார் எழுதுவார்கள்?

அதற்குத்தான் ஃபோக்கல் முறை. காலையில் ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து குலுக்கல்போல் எடுங்கள். அன்று உற்சாகமாக இருப்பதாகத் தோன்றும் விலங்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குறித்த நேரம் முழுக்க அது செய்வதையும் அதற்கு மற்றவை செய்வதையும் எழுதுங்கள். மறைந்துவிட்டால் "பார்வையில் இல்லை" என்று நேரத்தோடு எழுதுங்கள். பார்த்த நேரம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஒரு மணிக்கு எத்தனை தடவை என்று பின்னால் கணக்கிட முடியும். மேலே சொன்ன 2.8 மடங்கு என்ற எண்ணே அந்த வகுத்தலிலிருந்து வந்ததுதான்.

ஸ்கேன் முறையில், குறித்த இடைவெளியில், எடுத்துக்காட்டாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கண்ணுக்குத் தெரியும் எல்லாரும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறார்கள், பக்கத்தில் யார் என்று எழுத வேண்டும். கூடவே அரைமணிக்கு ஒருமுறை சிறுகுழுவில் யார் யார் என்ற பட்டியல். பொனோபோ கூட்டம் எப்போதும் மொத்தமாக இருப்பதில்லை. பிரியும், கூடும், மறுபடி பிரியும். இந்தப் பட்டியல்களிலிருந்துதான் யாருக்கு யார் நெருக்கம் என்று கணக்கிடுகிறோம்: இரண்டு விலங்குகள் ஒரே குழுவில் இருந்த தடவைகளை, இரண்டில் ஒன்றாவது இருந்த மொத்தத் தடவைகளால் வகுக்க வேண்டும். சண்டை, உடலுறவு, உணவுப் பகிர்வு, குழுவுக்குக் குழு சந்திப்பு போன்ற அரிதானவற்றை மட்டும் எப்போது நடந்தாலும், யார் செய்தாலும் எழுதலாம்.

ஒரு குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, கற்பனையாக ஒரு பத்து நிமிடம் (கி, தா, நோ என்பவை விலங்குகளின் பெயர்ச் சுருக்கம்; ஃபோக்கல் என்றால் அன்று பின்தொடரும் விலங்கு):

"7.40. ஃபோக்கல்: கி. மரத்தில், சுமார் 15 மீட்டர் உயரம், டயாலியம் பழம் தின்கிறது. 7.43. ஆண் தா 3 மீட்டர் வரை வருகிறது. கி நகரவில்லை. 7.44. தா கிளையை உலுக்குகிறது. கி குரல் கொடுக்கிறது. மேல்கிளையிலிருந்து நோ இறங்கி வருகிறது. கியும் நோவும் தாவை நோக்கி ஓடுகின்றன. தா இறங்கித் தரையில் ஓடுகிறது. தொடுதல் இல்லை. 7.46. கி, நோ பிறப்புறுப்பு உரசல், சுமார் 10 விநாடி, நோ அணுகியது. 7.47. இரண்டும் ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்து தின்கின்றன. 7.50. கி பார்வையில் இல்லை."

இதில் "கோபம்" இல்லை, "உதவிக்கு வந்தது" இல்லை, "சமாதானம்" இல்லை. அவையெல்லாம் நூறு இருநூறு குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபின் சொல்ல வேண்டியவை. யார் அணுகினார், யார் விலகினார், தொட்டார்களா, எவ்வளவு நேரம் என்ற நான்கும் இருந்தால் பின்னால் எந்தக் கேள்வியையும் கேட்கலாம். விலகிப்போனவர் யார் என்ற ஒரே தகவலை வைத்துச் செஸ் ஆட்டக்காரர்களுக்குப் புள்ளி போடும் எலோ முறையில் தரவரிசை கணக்கிடுகிறார்கள்.

வேலை தொடங்குமுன் நடத்தைப் பட்டியல் ஒன்றை முகாமில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறையைப் படித்துவிடுங்கள். "துரத்தல்" என்பது எத்தனை மீட்டருக்கு மேல்? பேன் பார்ப்பது எத்தனை விநாடி நின்றால் புதுத் தடவை? நீங்களும் மூத்தவரும் ஒரே விலங்கைத் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டு, உடன்பாடு நன்றாக இருந்தால்தான் உங்கள் தகவல் கணக்கில் சேரும்.

எந்த நேரங்களில் கண்ணை அகல விரிக்க வேண்டும்

பெரிய பழமரத்துக்குள் நுழையும் நேரம். மரத்தடியில் ஒரு பதற்றம் தெரியும். பெண்கள் முகத்துக்கு முகம் அணைத்துப் பிறப்புறுப்பை உரசிக்கொண்டபின் தின்னத் தொடங்குவார்கள். வம்பா ஊர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஹோகா-ஹோகா'. கூச்சமும் கிளுகிளுப்பும் இல்லாமல், பேன் பார்ப்பதை எழுதுவதுபோலவே இதையும் எழுதப் பழகுங்கள். உரசலுக்கு முன் என்ன நடந்தது, பின் எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தார்கள் என்பது உரசலைவிட அதிகம் சொல்லும்.

பல கிலோ எடை வரும் ட்ரெகூலியா, அனோனிடியம் பழங்கள் கிடைக்கும் நேரமும் அப்படித்தான். ஒருத்தி பழத்தை மடியில் வைத்திருப்பாள், மற்றவர்கள் முகத்தை மிக அருகே கொண்டுபோய் உற்றுப் பார்ப்பார்கள், கையை நீட்டுவார்கள். கேட்டவர், கிடைத்தவர், மறுக்கப்பட்டவர் மூவரையும் எழுதுங்கள். மறுக்கப்பட்டவரை விட்டுவிட்டால் பொனோபோ வள்ளலாகத்தான் தெரியும்.

ஆண்களைப் பற்றி எழுதும்போது அருகில் தாய் இருக்கிறாளா என்று தவறாமல் குறியுங்கள். பெண்கள் பருவம் எய்தும் வயதில் வேறு கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஆண்கள் பிறந்த கூட்டத்திலேயே, பெரும்பாலும் தாயின் நிழலிலேயே இருப்பார்கள். கூட்டத்தில் தாய் உயிரோடு இருக்கும் பொனோபோ ஆண் தகப்பனாகும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று 2019-இல் சுர்பெக் குழு காட்டியது. சிம்பன்சிகளில் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. ஆண்கள் கிளையை ஒடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடும் காட்சியைப் பார்த்தால் திசையையும் நேரத்தையும் எழுதுங்கள். அடுத்து கூட்டம் கிளம்பியதா, எந்தப் பக்கம் என்பதையும்.

பெண்கள் சேர்ந்து ஆணை விரட்டும் தருணங்கள் பொனோபோ சமூகத்தின் முதுகெலும்பு. வம்பாவில் நஹோகோ தோகுயாமாவும் ஃபுருயிச்சியும் கவனித்ததில், ஆண் முரட்டுத்தனம் காட்டும்போது பெண்கள் அணி சேர்வதும், மூத்த பெண்கள் இளையவர்களுக்குத் துணை நிற்பதும் தெரிந்தது. பல முகாம்களின் முப்பதாண்டுத் தகவலைத் திரட்டி 2025-இல் வந்த ஆய்வில், பெண்களின் கூட்டுத் தாக்குதலில் 85 சதவீதம் ஆண்களை நோக்கியது. ஆனால் பெண்கள் எல்லா மோதலிலும் ஜெயிப்பதில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் பெரிய வித்தியாசம் உண்டு. உங்கள் கூட்டத்தில் எப்படி என்பதை உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு கூட்டங்கள் சந்தித்தால் சாப்பாட்டை மறந்துவிடுங்கள். எகாலகாலா, கொகோஅலோங்கோ என்ற இரண்டு கொகோலொபோரிக் கூட்டங்கள் சந்தித்தபோது ஒன்றோடொன்று பேன் பார்த்ததையும் உணவு பகிர்ந்ததையும் தனித்தனி விலங்காகக் குறித்ததால்தான், உறவினர் அல்லாத அயல் கூட்டத்தோடும் ஒத்துழைப்பு உண்டு என்று லிரான் சமுனியும் சுர்பெக்கும் 2023-இல் எழுத முடிந்தது. இந்தச் சந்திப்பில் மட்டும் ஒருவர் போதாது. கூட்டத்துக்கு ஒருவர் வேண்டும்.

மூத்திரம், சாணம், குரல்

விடியற்காலையில் கூட்டிலிருந்து எழுந்ததும் பொனோபோ சிறுநீர் கழிக்கும். யாருடையது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், இலையில் விழுந்த துளிகளைக் கையுறை போட்டுக்கொண்டு பைப்பெட் என்ற சிறு உறிஞ்சுகுழாயால் எடுங்கள். சாணம் கலந்திருந்தால் வேண்டாம். குழாயில் பெயர், தேதி, நேரம், இடம் எழுதிக் குளிர்ப்பையில் வையுங்கள். மன அழுத்தத்துக்கான கார்டிசோல் முதல், பெண்களின் உரசலுக்குப் பின் உயரும் ஆக்ஸிடோசின் வரை பல ஹார்மோன்களை இதில் அளக்கிறார்கள். சாணத்திலிருந்து மரபணு எடுத்துத் தகப்பன் யார் என்று தெரிந்துகொள்கிறார்கள். கண்ணால் பார்த்த உடலுறவை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

குரல் பதிவு செய்பவர்கள், குரலை விடச் சூழலை எழுதுவதில் கவனம் வையுங்கள். 2025-இல் மெலிசா பெர்தே குழு சுமார் 700 பதிவுகளில், ஒவ்வொன்றுக்கும் 300-க்கும் மேற்பட்ட சூழல் விவரங்களைக் குறித்துவைத்துத்தான், பொனோபோ குரல்களைக் கோத்துப் புதுப் பொருள் உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். அருகில் யார், என்ன தின்றது, அடுத்து எங்கே போனது என்பதெல்லாம் எழுதாமல் இருந்தால் அந்தப் பதிவுகள் வெறும் சத்தம்தான்.

உங்களோடு நடப்பவர்கள்

தடம் பார்ப்பவருக்கு நீங்கள் மாணவர். ஒடிந்த தண்டின் ஈரத்தைத் தொட்டு எப்போது போயின என்று சொல்வார். எந்தப் பழம் எந்த மரத்தில் எப்போது பழுக்கும் என்று சொல்வார். வம்பா பகுதியின் பொங்காந்தோ மக்கள் பொனோபோவைத் தங்கள் உறவாக நினைத்து, அதைக் கொல்வதையும் தின்பதையும் விலக்கி வைத்தவர்கள். ஆய்வு அங்கே இத்தனை காலம் நடந்ததற்கு அதுவும் காரணம். போரும் வறுமையும் வெளியாட்களின் வரவும் அந்த விலக்கைத் தளர்த்தின. சம்பளம் சரியாகப் போய்ச் சேர்கிறதா, கட்டுரையில் அவர்கள் பெயர் வருகிறதா என்று கேளுங்கள். புதியவர் என்பதால் கேட்கக் கூடாது என்றில்லை.

மனிதர்களுக்குப் பழகிய பொனோபோ வேட்டைக்காரனைக் கண்டும் ஓடாது. இதை எப்போதும் மனத்தில் வையுங்கள். படங்களைச் சமூக ஊடகத்தில் போடும்போது இடத் தகவலை நீக்குங்கள்; முடிந்தால் முகாமில் இருக்கும் வரை போடவே வேண்டாம். கண்ணி தட்டுப்பட்டால் நீங்களாகக் கழற்றாமல், இடத்தைப் பதிந்து, தடம் பார்ப்பவரிடமும் முகாம் பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள்.

கிளம்புமுன்

நோட்டுகளை அன்றன்றைக்கே கணினியில் ஏற்றியிருக்க வேண்டும். கடைசி வாரத்தில் மொத்தமாக ஏற்ற நினைத்தால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. நகல் ஒன்று முகாமில், ஒன்று தலைநகர் கின்ஷாசாவில், ஒன்று உங்களிடம். உங்களுக்குப் பின் வருபவரோடு குறைந்தது இரண்டு வாரம் சேர்ந்து நடக்கும்படி விமானத் தேதியை முன்பே அமைத்துக்கொள்ளுங்கள். முகங்களை நேரில் காட்டிக் கொடுப்பதற்கு ஈடாக எந்த ஆல்பமும் இல்லை. மாதிரிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வராதீர்கள்; பொனோபோவின் சாணத்துக்கும் சிறுநீருக்கும்கூடக் காங்கோவின் ஏற்றுமதி அனுமதியும், தேவைப்படும் இடத்தில் சைடிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அனுமதியும் முகாம் வழியாகத்தான் வர வேண்டும். மஞ்சள்காய்ச்சல் அட்டையைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். காங்கோவிலிருந்து இந்தியாவுக்குள் இறங்கும்போது அதை மறுபடி கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.